தோப்ஹானே மணிக்கூண்டு: பூர்சா நகரில் இருமுறை எழுந்த கோபுரம்

துருக்கியின் வடமேற்கில், உதுமானியரின் முதற்பெரும் தலைநகராக விளங்கிய பூர்சாவில், பழைய கோட்டை மேட்டின் விளிம்பில் நின்று கீழே விரியும் நகரையும் சமவெளியையும் நோக்கும் தோப்ஹானே மணிக்கூண்டு, அந்நகரின் படங்கள் பலவற்றில் இடம்பெறும் கட்டடமாகும். 1905இல் திறந்துவைக்கப்பட்ட இக்கோபுரம் அவ்விடத்தில் எழுந்த முதல் மணிக்கூண்டு அன்று. சுல்தான் அப்துல் அஸீஸ் ஆண்ட 1861 முதல் 1876 வரையிலான காலத்தில் அங்கே கட்டப்பட்ட கோபுரம் 1900ஆம் ஆண்டு வருவதற்குள் மறைந்துவிட, அதன் இடத்தில் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சியில் இப்போதைய கோபுரம் கட்டப்பட்டது. இழந்த ஒன்றை அப்படியே மீட்டெடுத்த செயலாக இதனை நூல்கள் ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடுகின்றன. எனினும் இரு கோபுரங்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அரசின் மனநிலையும் நகரின் தொழிலும் மாறியிருந்தன என்பதையும், நேரம் எண்ணும் முறையே வழக்காடலுக்கு உரிய பொருளாகிவிட்டிருந்தது என்பதையும் கருதும்போது, இரண்டாவது கோபுரம் முதலாவது விட்டுச்சென்ற பணியைத் தொடர்வதற்காக மட்டும் எழுந்தது என்று கொள்வது போதாது. அது தன் காலத்துக்குரிய புதிய தேவை ஒன்றுக்கு விடையாகவே கட்டப்பட்டது என்பதை நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலுதா என்னும் உயர்ந்த மலையின் வடசரிவில் அமைந்த பூர்சாவை 1326இல் கைப்பற்றிய ஓர்ஹான், தம் தந்தையும் அரசமரபின் நிறுவனருமான உஸ்மானின் உடலைக் கோட்டைக்குள் இருந்த பைசாந்தியத் துறவி மடத்துக் கட்டடம் ஒன்றில் அடக்கம் செய்தார். அதன் கூரை வெள்ளிபோல் ஒளிர்ந்ததால் வெள்ளிக் குவிமாடம் என்று பெயர் பெற்றது. பின்னர் ஓர்ஹானும் அருகிலேயே அடக்கமானார். பீரங்கிச் சாலை என்று பொருள்படும் தோப்ஹானே என்னும் பெயர் அம்மேட்டுக்கு வந்தது அங்கே நிறுத்தப்பட்டிருந்த பீரங்கிகளால்; நோன்பு மாதத்தில் நோன்பு திறக்கும் வேளையை ஊருக்கு அறிவித்தது அவற்றின் முழக்கம். ஆகவே மணிக்கூண்டு வருவதற்கு முன்பே, நகர மக்கள் பொழுதைக் கேட்டறிந்த இடம் அது. 1855ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியிலும் மீண்டும் ஏப்ரலிலும் நிகழ்ந்த நிலநடுக்கங்கள் பூர்சாவைச் சிதைத்தன. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிக் கட்டப்பட்ட பெரிய பள்ளிவாசலின் இருபது குவிமாடங்களுள் பெரும்பாலானவை விழுந்தன. உஸ்மான், ஓர்ஹான் இருவரின் அடக்கத்தலங்களும் இடிந்தன. இன்று காணப்படும் அடக்கத்தலங்கள் 1863இல் அப்துல் அஸீஸின் ஆணையால் பழைய அடித்தளங்களின்மேல் புதிதாகக் கட்டப்பட்டவை. மணிக்கூண்டின் அண்டையில் நிற்கும் மிகப் பழைமையான நினைவிடங்களும் இவ்வாறு மறுகட்டுமானங்களே என்பது, இம்மேட்டின் வரலாற்றைப் படிப்பவர் மறக்கக் கூடாத செய்தியாகும்.

உதுமானிய நாட்டில் பொதுக் கடிகாரங்கள் பற்றி நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு கருத்தை இங்கே ஆராய்வது தகும். பதினாறாம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் பேரரசின் தூதராகச் சுல்தான் சுலைமானின் அவைக்கு வந்த புஸ்பெக் என்பவர், துருக்கியர் பிறநாட்டுப் பீரங்கிகளை விரைந்து ஏற்றாலும் அச்சையும் பொதுக் கடிகாரத்தையும் ஏற்கவில்லை என்றும், பொதுக் கடிகாரம் வந்தால் மோதினாரின் மதிப்புக் குறையும் என்று அவர்கள் எண்ணினர் என்றும் தம் கடிதங்களில் எழுதினார். இக்கூற்று பல தலைமுறைகளாக எடுத்தாளப்பட்டு, இயந்திரக் கடிகாரத்துக்கு இஸ்லாம் பகையாக நின்றது என்ற முடிவுக்குச் சான்றாக்கப்பட்டது. ஆனால் அதே நூற்றாண்டிலேயே பால்கன் பகுதியில், இன்றைய வடக்கு மாசிடோனியாவின் தலைநகரான ஸ்கோப்யேயில், உதுமானியர் ஆட்சியில் மணிக்கூண்டு எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டின் பெரும் பயணியான எவ்லியா செலெபி அதைக் கண்டு வியந்து எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அனதோலியாவின் சஃப்ரன்போலு நகரிலும் ஒன்று கட்டப்பட்டது. அனதோலிய நகரங்களில் மணிக்கூண்டு பரவத் தாமதமானதற்கு வெறுப்பைக் காரணமாக்குவதைவிட, அந்தப் பணியை அங்கே வேறோர் அமைப்பு முன்னரே நன்கு செய்துவந்தது என்பதைக் காரணமாகக் கொள்வதே பொருந்தும். பெரிய பள்ளிவாசல்களை ஒட்டி முவக்கித்ஹானே எனப்படும் சிறு கூடங்கள் இருந்தன. அங்கே முவக்கித் எனப்படும் காலக் கணிப்பாளர், கால்வட்டக் கருவி கொண்டு ஞாயிற்றின் உயரத்தை அளந்து ஐவேளைத் தொழுகைக்கான நேரங்களைக் கணித்ததோடு, தம் கூடத்தில் இருந்த கடிகாரங்களையும் திருத்திவைத்தார். வழிப்போக்கர் நின்று தம் சட்டைப்பைக் கடிகாரத்தை அதனோடு ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்வது அன்றாட வழக்கமாக இருந்தது.

அவர்கள் ஒப்பிட்ட நேரம் இன்றைய நேரம் அன்று என்பதை விளக்காமல் மணிக்கூண்டின் வரலாற்றைச் சொல்ல இயலாது. அலாதுர்கா, அதாவது துருக்கிய முறை, என்று அழைக்கப்பட்ட அக்கணக்கில் நாள் தொடங்கியது ஞாயிறு மறையும் வேளையில். மறையும் அக்கணமே பன்னிரண்டு மணி. அங்கிருந்து சமமான அறுபது நிமிடங்கள் கொண்ட மணிகள், பன்னிரண்டு பன்னிரண்டாக இரு சுற்றுகளில் எண்ணப்பட்டன. மணியின் நீளம் ஆண்டு முழுவதும் மாறுவதில்லை. மாறுவது தொடக்கப் புள்ளி. பூர்சா இருக்கும் ஏறத்தாழ 40 பாகை வடக்கு அகலாங்கில் கோடையின் மிக நீண்ட பகல் 15 மணி நேரமும், குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் 9 மணி 20 நிமிடமும் ஆகும். ஆகவே நண்பகல் என்பது நீள்பகலின் நாளில் அலாதுர்கா கணக்கில் நான்கரை மணிக்கும், பகலும் இரவும் சமமான நாளில் ஆறு மணிக்கும், மிகக் குறும்பகலின் நாளில் ஏழு மணி இருபது நிமிடத்துக்கும் நிகழ்ந்தது. ஒரே சீராக ஓடும் இயந்திரக் கடிகாரம் இக்கணக்கோடு ஒத்துப்போக வேண்டுமாயின், அதை இடைவிடாமல் திருத்தியாக வேண்டும். சமபகல் நாட்களை ஒட்டிய வாரங்களில் ஞாயிறு மறையும் வேளை ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் நகர்கிறது. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் பத்து நிமிடப் பிழை நேரும். எனவே உதுமானிய நகரில் மணிக்கூண்டைக் கட்டி முடிப்பதோடு வேலை முடிவதில்லை. அதற்கு முடுக்குத் தரவும் திருத்தவும், கணிதம் அறிந்த ஒருவரின் துணையோடு இயங்கும் பணியாள் நாள்தோறும் வேண்டியிருந்தது. கோபுரம் முவக்கித்தின் கலையை வழக்கொழித்தது என்று சொல்வோர், அந்தக் கோபுரத்துக்கு நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அலாஃபிராங்கா, அதாவது ஐரோப்பிய முறை, எனப்பட்ட நள்ளிரவு நேரமும் தந்தி, அயல்நாட்டு வணிகம், இருப்புப்பாதை ஆகியவற்றோடு நாட்டுக்குள் புகுந்து, இரு கணக்குகளும் அருகருகே வழங்கின. பாஸ்பரஸ் நீரிணையில் ஓடிய நீராவிப் படகுகளின் கால அட்டவணைகூட அலாதுர்கா மணியிலேயே அச்சிடப்பட்டு, பருவந்தோறும் மாற்றப்பட்டது. இரண்டு நேரங்களையும் காட்டும் இரட்டை முகப்புக் கடிகாரங்களைச் செல்வர்கள் வைத்திருந்தனர். அவ்னர் விஷ்னிட்சர் என்னும் வரலாற்றாசிரியர் 2015இல் வெளியிட்ட தம் நூலில் காட்டியிருப்பதுபோல, துருக்கிய நேரம் பழைமையின் எச்சமாகத் தேங்கிக் கிடக்கவில்லை. அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் படைப்பிரிவுகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புதிய ஒழுங்குமுறைகளை அந்த நேரத்தின் மேலேயே அமைத்துக்கொண்டன. இக்கருத்து முழுமையாக ஏற்கத்தக்கது. மணிக்கூண்டுகளை மேற்கின் நேரம் கிழக்கில் நாட்டிய கொடிகளாக மட்டும் காணும் பழைய பார்வையை அது அசைத்துவிட்டது.

பூர்சாவில் முதல் கோபுரம் எழுந்த காலத்தில் அந்நகரின் பொருளாதாரம் பட்டை நம்பியிருந்தது. உலுதாவின் அடிவாரச் சமவெளியில் முசுக்கட்டை மரங்கள் அடர்ந்து வளர்ந்தன. நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீராவியால் இயங்கும் நூற்பாலைகள் பெருகின. அவற்றில் வேலை செய்தோரில் பெரும்பாலோர் கிரேக்கரும் ஆர்மீனியருமான இளம்பெண்கள். பட்டுக்கூட்டை வெந்நீரில் இட்டு இழையைப் பிரிக்கும் அவ்வேலை நெடுநேரம் நீண்டது. ஆலைக்குள் நுழையும் நேரமும் வெளியேறும் நேரமும் பணத்தோடு பிணைந்தன. 1855 நிலநடுக்கத்துக்குப் பிறகு நகரைச் சீர்படுத்தும் பணிகள் நடந்தன. அடக்கத்தலங்கள் மீண்டும் எழுந்தன. அதே அரசரின் ஆட்சியில் மணிக்கூண்டும் எழுந்தது. சீர்திருத்தக் காலம் என்று வரலாற்றில் குறிக்கப்படும் தன்ஸிமாத் ஆண்டுகளின் நகராட்சி உணர்வுக்கு அது ஒத்த செயல்: தெருக்களை அகலப்படுத்துவதும் விளக்கேற்றுவதும் பொதுக் கடிகாரம் நிறுவுவதும் ஒரே சிந்தனையின் பல வெளிப்பாடுகள். அக்கோபுரம் நகர வாழ்வின் வசதியைக் கருதியே கட்டப்பட்டது என்று கொள்வதற்கு இச்சூழலே அடிப்படை.

அக்கோபுரம் நூற்றாண்டின் முடிவுக்குள் அழிந்த காரணத்தை ஆவணங்கள் தெளிவுபடுத்தவில்லை. பூர்சாவைப் பற்றிய நூல்கள் பல அதன் மறைவைக் குறிப்பிடுவதோடு நின்றுவிடுகின்றன. இதற்கிடையில் 1892இல் மார்மரா கடற்கரையிலுள்ள முதான்யா துறைமுகத்தையும் பூர்சாவையும் இணைக்கும் இருப்புப்பாதை திறக்கப்பட்டதால், இஸ்தான்புல்லில் இருந்து கப்பலில் வந்து வண்டியேறும் பயணிக்கு நகரம் ஒரே பகலில் எட்டக்கூடியதாயிற்று. நேரம் பிசகினால் வண்டியோ கப்பலோ தவறிவிடும் நிலை மாகாண நகரத்தவரின் வாழ்வில் முதன்முறையாகப் பரவலாகப் புகுந்தது. பொதுக் கடிகாரத்தின் தேவை மிகுந்துவந்த அந்த நூற்றாண்டின் முடிவில் நகரம் தன் மணிக்கூண்டை இழந்திருந்தது என்பது கருதத்தக்கது. ஆயினும் இரண்டாவது கோபுரத்தைக் கட்டியெழுப்பிய உந்துதல் இந்தத் தேவை மட்டுமாக இருந்திருந்தால் அது சில ஆண்டுகள் முன்னரே எழுந்திருக்கும். அது எழும் இடமும் இதுவாக இருந்திருக்காது. இருப்புப்பாதை நிலையத்தை நோக்கியோ சந்தை நடுவிலோ அமைவதே இயல்பு.

1876 ஆகஸ்ட் 31 அன்று அரியணை ஏறிய இரண்டாம் அப்துல் ஹமீத், அடுத்த சில ஆண்டுகளில் நாடாளுமன்றத்தைக் கலைத்து, முப்பது ஆண்டுகள் தனியாட்சி நடத்தினார். மக்கள் முன் அரிதாகவே தோன்றிய அவர் தம் இருப்பைத் தூர மாகாணங்களிலும் உணர்த்தப் பல வழிகளை மேற்கொண்டார்: பள்ளிகள், அரசு மாளிகைகள், பொதுக் குடிநீர்க் கட்டடங்கள், அவற்றின் முகப்பில் பொறித்த அரசமுத்திரை. அவருடைய ஆட்சியின் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவை ஒட்டி 1900, 1901 ஆகிய ஆண்டுகளில் அனதோலியாவிலிருந்து சிரியா வரை மணிக்கூண்டுகள் பல எழுந்தன. இஸ்மிர் நகரின் கொனாக் திடலில் ரேமோன் பெரே என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த கோபுரம் அவற்றுள் புகழ்பெற்றது. இவையெல்லாம் மேலிருந்து வந்த ஆணையால் மட்டுமே எழுந்தன என்பது பரவலான எண்ணம். ஆனால் அதற்கு முன்னரே அதானாவில் 1882இல் பெரிய கோபுரம் முடிக்கப்பட்டிருந்ததும், பூர்சாவிலேயே முதல் கோபுரம் இருந்ததும் அவ்வெண்ணத்தை முழுமையாக ஏற்க விடவில்லை. மாகாண ஆளுநர்கள் தத்தம் பற்றுறுதியைக் காட்டப் போட்டியிட்டதும், உள்ளூர்ச் செல்வர்கள் அதற்குப் பணம் தந்ததும் ஆணைக்கு இணையான காரணங்கள்.

பூர்சாவைத் தலைநகராகக் கொண்டிருந்த மாகாணத்துக்கு ஹுதாவெந்திகார் என்று பெயர். அதன் ஆளுநராகப் பணியாற்றி, பின்னர் இஸ்தான்புல்லின் நகரத் தலைவராக உயர்ந்த ரெஷித் மும்தாஸ் பாஷாவின் காலத்தில், 1904 ஆகஸ்டில் தோப்ஹானேயில் வேலை தொடங்கியது. ஓராண்டில் கோபுரம் முடிந்து, 1905 ஆகஸ்டின் இறுதியில், சுல்தான் அரியணை ஏறிய இருபத்தொன்பதாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆளுநரால் திறந்துவைக்கப்பட்டது. தொடக்கமும் முடிவும் ஆகஸ்டில் அமைந்தது தற்செயல் அன்று. விழா நாளை இலக்காக வைத்தே வேலை நடந்தது. இருபத்தைந்தாம் ஆண்டு போன்ற முழுமையான எண் அன்றியும் ஒரு மாகாணம் இத்தனை செலவில் கோபுரம் எழுப்பிக் காணிக்கையாக்கியது என்பதே அக்காலத்து அரசியல் சூழலின் இறுக்கத்தைக் காட்டுகிறது.

அந்தச் சூழலை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். கோபுரம் திறக்கப்படுவதற்கு ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு முன், 1905 ஜூலை 21 அன்று, இஸ்தான்புல்லில் ஜும்ஆ தொழுகை முடித்துச் சுல்தான் வெளிவரும் வேளையைக் குறிவைத்து, ஆர்மீனியப் புரட்சிக் கூட்டமைப்பினர் வண்டி ஒன்றில் வைத்த குண்டு பள்ளிவாசலின் வெளியே வெடித்தது. வாரந்தோறும் நடந்த அவ்விழாவில் சுல்தானின் அசைவுகள் வழுவாத நேர ஒழுங்கில் நடப்பதைப் பலமுறை அளந்து, அதற்கேற்பவே குண்டின் கடிகாரப் பொறி முடுக்கப்பட்டிருந்தது. அன்று அவர் ஷைகுல் இஸ்லாம் என்னும் தலைமைச் சமய அறிஞரான ஜெமாலெத்தின் எஃபெந்தியோடு வாயிலருகே நின்று சிறிது பேசியதால் தாமதம் நேர்ந்து உயிர் தப்பினார். சூழ நின்றோர் பலர் மாண்டனர். நாடெங்கும் நன்றி வழிபாடுகளும் பற்றுறுதி வாழ்த்துகளும் நிரம்பிய அந்தக் கோடையின் முடிவில் நடந்த ஆண்டு நிறைவு விழாவுக்கு, வேறெந்த ஆண்டிலும் இல்லாத அழுத்தம் இருந்திருக்கும். தோப்ஹானே கோபுரம் ஓராண்டு முன்னரே திட்டமிடப்பட்டது எனினும், அது திறக்கப்பட்டது உயிர்பிழைத்த ஓர் ஆட்சியின் கொண்டாட்டத்தில்.

இடத் தேர்வும் இதே திசையைச் சுட்டுகிறது. அப்துல் ஹமீதின் அரசு, அரசமரபின் தோற்றத்தை நினைவூட்டுவதில் முன்னைய ஆட்சிகள் எவற்றிலும் காணாத ஈடுபாடு கொண்டது. உஸ்மானின் தந்தை எர்துருலின் அடக்கத்தலம் இருந்த சோயுத் என்னும் சிற்றூர் இதே ஹுதாவெந்திகார் மாகாணத்தைச் சேர்ந்தது. 1886இல் அது அரசின் செலவில் புதுப்பிக்கப்பட்டது. உஸ்மானும் ஓர்ஹானும் துயிலும் தோப்ஹானே மேட்டில், அவ்விருவரின் குவிமாடங்களுக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஒரு கோபுரத்தை எழுப்பி, அதில் ஆளும் சுல்தானின் ஆண்டு நிறைவைக் கொண்டாடுவது, ஆறு நூற்றாண்டுத் தொடர்ச்சியைக் கல்லில் காட்டும் முயற்சியாகும். முதல் கோபுரம் நின்ற இடம் இதுவே என்பதால் இரண்டாவதும் இங்கே வந்தது என்று எளிதாகச் சொல்லலாம். ஆனால் 1863இல் புதிதாகக் கட்டப்பட்ட நினைவிடங்களின் அருகே ஒரு நகராட்சிக் கடிகாரமாக நின்றதற்கும், 1905இல் அரசமரபின் கொண்டாட்டத்தில் திறக்கப்பட்டதற்கும் பொருள் வேறு. கோபுரத்தின் உருவமே இதற்குத் துணைநிற்கிறது.

சதுர அடித்தளத்தில், பக்கம் ஒவ்வொன்றும் ஐந்து மீட்டருக்குச் சற்றே குறைய, ஆறு தளங்களாக ஏறத்தாழ 33 மீட்டர் உயரத்துக்கு அது எழுகிறது. உள்ளே மரப்படிகள் 89 உள்ளன. தளங்களை வெளியே கிடைமட்டப் பட்டிகைகள் பிரித்துக் காட்டுகின்றன. உச்சித் தளத்தில் நான்கு திசைகளிலும் கடிகார முகப்புகள். இம்முகப்புகளின் விட்டம் ஒரு மீட்டரைக்கூட எட்டாதது. இவ்வளவு உயரத்தில் இவ்வளவு சிறிய வட்டத்தை வைத்தால், மேட்டின் கீழுள்ள சந்தைத் தெருக்களில் நிற்பவர் முள்ளின் இருப்பைத் திருத்தமாகப் படிப்பது கடினம். ஆனால் கோபுரத்தையோ சமவெளியில் நெடுந்தொலைவிலிருந்தே காணலாம். படிப்பதற்கு உதவும் அளவைவிடக் காண்பதற்கு உதவும் அளவு மிகுதியாக வகுக்கப்பட்டுள்ளது என்னும் இந்த உண்மை, கட்டியவர்களின் முதன்மை நோக்கத்தைப் பற்றி எந்தக் கல்வெட்டையும்விடத் தெளிவாகப் பேசுகிறது. இஸ்மிரின் கோபுரத்தில் உள்ள குதிரைலாட வளைவுகளோ பளிங்கு நுணுக்கமோ இங்கே இல்லை. ஒப்பனை குறைந்த இந்த நேர்மை அதற்கு ஒரு தனிக் கம்பீரத்தைத் தந்திருக்கிறது. பல நூல்கள் இதை எளிய கட்டடம் என்று கூறி விலகுவது நியாயமன்று.

இத்தனை உயரத்துக்கு நடைமுறைப் பயன் ஒன்றும் இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது கோபுரத்துக்கு இழைக்கும் அநீதியாகும். தோப்ஹானே மணிக்கூண்டு தீக்காவல் கோபுரமாகவும் பயன்பட்டது. மரச்சட்டங்களால் ஆன வீடுகள் நெருங்கி நின்ற உதுமானிய நகரங்களில் தீ என்பது போரைவிடக் கொடிய பகையாக இருந்தது. ஒரு வீட்டின் அடுப்பில் தொடங்கியது காற்றின் போக்கில் ஒரு பகுதியையே விழுங்கிவிடும். இஸ்தான்புல்லில் இதற்காகவே எழுந்த பெயாஸித் கோபுரமும் மறுகட்டுமானமே: முன்பிருந்த மரக்கோபுரம் அழிந்துவிட, இரண்டாம் மஹ்மூதின் ஆணையால் 1828இல் கல்லால் கட்டப்பட்டது. அங்கே காவலர்கள் இரவும் பகலும் நின்று, பகலில் கூடைகளையும் இரவில் விளக்குகளையும் தொங்கவிட்டுத் தீ எத்திசையில் என்று அறிவித்தனர். பூர்சாவின் கோட்டை மேட்டிலிருந்து பார்த்தால் சந்தையும் சத்திரங்களும் பட்டாலைகளும் ஒரே பார்வையில் அடங்கும். கடிகாரத்துக்கு நாள்தோறும் ஆள் ஏறியாக வேண்டும் என்னும் நிலையில், அந்த உயரத்தில் காவலும் அமைவது இயல்பான சிக்கனம். ஆகவே ஆட்சியின் பெருமைக்காக எழுந்த கட்டடம் நகர மக்களுக்குத் தந்த உண்மையான பாதுகாப்பு இதுவே எனலாம். 1958 ஆகஸ்டில் மூடுசந்தை எனப்படும் கப்பாலி சார்ஷி எரிந்து அழிந்தபோது, அந்தப் பழைய அச்சம் எத்துணை அடிப்படை உடையது என்பது மீண்டும் விளங்கிற்று.

மறுகட்டுமானம் பூர்சாவுக்கு மட்டும் உரியதன்று. தென்மேற்கே பாலிகெசிர் நகரில் 1827இல் எழுப்பப்பட்ட மணிக்கூண்டு 1898 ஜனவரியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் வீழ்ந்தது. சில ஆண்டுகளில் அந்நகரின் நிர்வாகத் தலைவரான ஓமர் அலி பே அதைத் திரும்பக் கட்டினார். அங்கே கட்டடம் விழுந்த காரணமும் நாளும் தெரிவதால், நகரத்தவர் நினைவில் இரு கோபுரங்களும் ஒரே கோபுரத்தின் இரு பிறவிகளாக நிற்கின்றன. எதிர்நிலையும் உண்டு. எதிர்னே நகரில் ரோமானியக் கோட்டைக் கோபுரத்தின்மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமைத்த மணிக்கூண்டு, 1953 நிலநடுக்கத்தில் விரிசல் கண்டபோது பழுதுபார்க்கப்படாமல் இடிக்கப்பட்டது. ஜெருசலேமின் யாஃபா வாயிலின்மேல் அப்துல் ஹமீதைச் சிறப்பிக்க எழுந்த கோபுரத்தை, நகரின் பழந்தோற்றத்துக்கு ஒவ்வாதது என்று கருதிய பிரிட்டிஷ் நிர்வாகம் 1922இல் அகற்றியது. எந்தக் கோபுரம் மீண்டும் எழும், எது எழாது என்பதைத் தீர்மானிப்பது சிதைவின் அளவு அன்று. அந்த வேளையில் அங்கே ஆட்சி செய்பவருக்கு அதனால் ஆகவேண்டியது என்ன என்பதே.

1908 ஜூலைப் புரட்சி அரசியல் சட்டத்தை மீட்டது. 1909 ஏப்ரலில் அப்துல் ஹமீத் நீக்கப்பட்டார். கோபுரத்தின் பொருள் நான்கே ஆண்டுகளில் தலைகீழாகியும் அது நின்றது. 1910இல் பூர்சாவின் பட்டாலைப் பெண் தொழிலாளர்கள் நீண்ட வேலை நேரத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். யாருடைய நேரம் யாருக்கு உரியது என்ற வழக்கு அரண்மனையிலிருந்து ஆலை வாயிலுக்கு வந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அந்நகரின் வரலாற்றில் இல்லை. 1920 ஜூலையிலிருந்து 1922 செப்டம்பர் வரை நகரம் கிரேக்கப் படையின் பிடியில் இருந்தது. விடுதலைப் போரை அடுத்து உருவான குடியரசு, 1925 டிசம்பர் 26 அன்று இரு சட்டங்களை நிறைவேற்றியது: 697ஆம் எண் சட்டம் நாளை நள்ளிரவில் தொடங்கி இருபத்துநான்கு மணிகளாகப் பகுத்தது, 698ஆம் எண் சட்டம் கிரெகோரிய நாட்காட்டியைப் பொதுவாக்கியது. கிரீன்விச்சுக்குக் கிழக்கே 30ஆம் பாகை நெடுங்கோடு நாட்டின் நேரத்துக்கு அடிப்படை ஆயிற்று. அது பூர்சாவுக்குச் சற்றுக் கிழக்கே, இஸ்மித் அருகே செல்வதால், புதிய நேரத்துக்கும் பூர்சாவின் ஞாயிற்று நேரத்துக்கும் நான்கு நிமிடமே வேற்றுமை. ஞாயிறு மறைவைப் பின்தொடர்ந்து முள்ளைத் திருத்தும் அன்றாட வேலை ஒரே இரவில் சட்டத்தால் இல்லாமற்போனது. முவக்கித்களின் கலை தொழுகை நேர அட்டவணைகளுக்குள் சுருங்கியது.

குடியரசு மன்னராட்சியின் சின்னங்கள் பலவற்றைக் களைந்தபோதிலும் மணிக்கூண்டுகளை விட்டுவைத்தது. தான் கொண்டுவந்த நேரத்தை அறிவிக்க அவையே தக்க கருவிகளாக இருந்தன. சுல்தானின் ஆண்டு நிறைவுக்காகக் கட்டிய கோபுரம் எவ்வித மாற்றமும் இன்றிக் குடியரசின் நேரத்தைச் சொல்லத் தொடங்கியதால், அதன் தோற்றுவாய் மக்கள் நினைவிலிருந்து மெல்ல மறைந்தது. இன்று அதனைச் சூழ்ந்திருப்பது பூங்காவும் தேநீர்க் கடைகளும். பூர்சாவும் அதன் அருகேயுள்ள ஜுமாலிகிசிக் சிற்றூரும் உதுமானிய அரசின் பிறப்பிடம் என்னும் பெயரில் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அப்பெருமை சேர்ந்த பின்பு தோப்ஹானேக்கு வருவோர் உஸ்மானையும் ஓர்ஹானையும் தேடி வருகின்றனர். அவர்கள் காண்பது பதினான்காம் நூற்றாண்டின் கட்டடங்கள் அல்ல, 1863இலும் 1905இலும் எழுந்தவை என்பதை அங்கே தெளிவாக எழுதிவைக்க வேண்டும். அப்துல் அஸீஸ் காலத்துக் கோபுரத்தின் பெயரும் அதனோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும். 2016இல் துருக்கி அரசு கோடைக்கால நேரத்தை ஆண்டு முழுவதற்கும் நிலையாக்கி 45ஆம் பாகை நெடுங்கோட்டின் நேரத்துக்கு மாறியது முதல், அம்மேட்டில் ஞாயிறு உச்சியை அடையும்போது கடிகாரம் காட்டுவது பன்னிரண்டை அன்று, ஆண்டுச் சராசரியில் பிற்பகல் ஒரு மணி நான்கு நிமிடத்தை.